பூட்டுக்குப் பாசம் என்று பெயரா?

(தலைப்பு: மனம் தளர்ந்தோரையும் முதியோரையும் காக்கப் பெரிதும் தேவை அன்பா, பயிற்சியா? ‘பயிற்சியே’ என்ற அணியில், திருத்தணியில் ஆற்றிய உரை)



இந்த ஊர்ல மேடை ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம் உண்டுங்க. சிலம்புச் செல்வர் ம.பொ.சி. எல்லைப் போராட்டம் நடத்தி, 1960 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் இது. அவ்வளவு பாடுபட்டு வாங்கின ஊர்ல வந்து நான் தப்பாத் தமிழ் பேசிட்டேன்னா, ‘இதுக்கா ஐயா போராடினோம்?’னு கேட்டுடுவீங்க! (சிரிப்பு) அதனால ஜாக்கிரதையாகவே பேசுகிறேன். எல்லையைப் பற்றி எதற்குச் சொன்னேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்கள். ‘பெத்த தாயைப் பாத்துக்கிறதுக்கு டிரெயினிங்கா? நமக்குப் பால் கொடுக்க நம்ம தாய் எந்தக் காலேஜ்ல போய்ப் படிச்சா?’ என்று கேட்டார்கள். நீங்கள் எல்லாம் கைதட்டினீர்கள். எதிரணி என்று பார்க்காமல் நானும் தட்டினேன். நல்ல கேள்வி. ஆனா அம்மா, ஒன்று மறந்துட்டீங்க. முதல் பிள்ளை பெத்தவள் பக்கத்துல ஒரு பாட்டி இருந்தாளே, அவள் யார்? ‘கழுத்தைத் தாங்கிப் பிடிடி, தலை நிக்கலை’, ‘பால் குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்டு’ன்னு நாற்பது நாள் கூடவே இருந்து சொல்லிக் கொடுத்தாளே! அன்பு மட்டும் போதும்னா அந்தப் பாட்டிக்கு வேலையே இல்லையே! தாய்க்கு அன்பு தானா வந்தது. பிள்ளையைத் தூக்கத் தெரிந்தது பாட்டி கொடுத்த பயிற்சி. (கைதட்டல்)

இன்றைக்கு நம் வீடுகளில் பிள்ளைக்குப் பாட்டி இருக்கிறாளோ இல்லையோ, பாட்டிக்கே ஆள் வேண்டியிருக்கிறது. ஆயா என்கிறோம், ஹோம் நர்ஸ் என்கிறோம், வார்டு பாய் என்கிறோம். மனநோய் வந்த தம்பியை, நினைவு தப்பிய தாத்தாவை, இவர்கள் கையில் ஒப்படைக்கிறோம். காலையில் எழுப்புவதும், ஊட்டுவதும், வெளியே போகாமல் தடுப்பதும் இவர்கள்தான். டாக்டர் வந்து பார்ப்பது பத்து நிமிஷம். மிச்ச நேரம் முழுக்க, ஒரு மனிதனுடைய சுதந்திரம் இவர்களுடைய இடுப்பில் தொங்குகிற சாவிக்கொத்தில் இருக்கிறது. அந்தச் சாவியை எப்போது திருப்பலாம், எப்போது திருப்பக் கூடாது என்று யாராவது அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்களா? இதுதான் நடுவர் அவர்களே என் கேள்வி.

நான் தமிழ் வாத்தியார். சட்டம் பேச வந்துட்டேனேன்னு பார்க்காதீங்க. வள்ளுவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ‘மருந்து’ என்று 95-ஆவது அதிகாரம். அதன் கடைசிக் குறளில் மருத்துவம் என்பதற்கு நான்கு பகுதி என்று சொல்கிறார். நோயாளி ஒன்று, மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று. நான்காவதாக ஒருவரைச் சொல்கிறார் பாருங்கள், உழைச்செல்வான்! பக்கத்திலேயே இருந்து பணி செய்கிறவன். இன்றைய மொழியில் அட்டெண்டர், ஆயா. டாக்டருக்குச் சமமாக அவரையும் கணக்கில் சேர்த்திருக்கிறார். சம்பளத்தில் நாம்தான் சேர்க்கவில்லை! (சிரிப்பு, கைதட்டல்) இன்னொன்றும் கவனியுங்கள். நான்கு பேரில் முதலில் வைத்தது யாரை? டாக்டரையா? இல்லை ஐயா, நோயாளியை! மருத்துவத்தில் ஒரு பகுதியே நோயாளிதான். அவனைக் கேட்காமல் அவனுக்கு வைத்தியம் பார்த்தால் நாலில் ஒன்று குறையும். வகுப்பில் இந்தக் குறளை முப்பது வருஷம் நடத்தியிருக்கிறேன். இந்த வரிசையை நான் கவனித்தது, என் வீட்டிலேயே ஒரு நோயாளி வந்த பிறகுதான். அதை அப்புறம் சொல்கிறேன்.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவுக்கு வந்தால் மனநோய் தீரும் என்று நம்பி வந்தவர்களைத் தங்க வைப்பதற்கு அங்கே பல தனியார் விடுதிகள் இருந்தன. அதில் ஒன்று, கீற்றுக் கொட்டகை. விடியற்காலையில் தீப்பிடித்தது. சத்தம் கேட்டு எழுந்தவன் ஓடலாம். அவர்களால் ஓட முடியவில்லை. காலில் சங்கிலி. 25 பேர் அங்கேயே கருகினார்கள். சாவு கடைசியில் 28 ஆனது. உச்ச நீதிமன்றம், யாரும் வழக்குப் போடாமலே தானாக அதை எடுத்தது. அந்த வழக்கின் தலைப்பே, சங்கிலியில் கட்டப்பட்ட 25 பேரின் மரணம் குறித்து என்றுதான் இருக்கிறது.

எதிரணி நண்பர்களே, நான் ஒன்று கேட்கிறேன். அந்த 28 பேரும் அன்பே இல்லாத குடும்பத்தில் பிறந்தவர்களா? இல்லீங்க. பலரை அவரவர் வீட்டார்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். நகையை அடகு வைத்து, பஸ் மாறி மாறி ஏறி, ‘இங்க விட்டா சரியாயிடும்’னு அழுதுகிட்டே விட்டுட்டுப் போனார்கள். அது அன்பு இல்லையா? அன்புதான். சங்கிலி போட்டவனைக் கேட்டால் அவனும் என்ன சொல்லியிருப்பான்? ‘சார், அவுத்து விட்டா கடலுக்குப் போயிடுவாங்க சார், பாதுகாப்புக்குத்தான் கட்டினேன்’ என்பான். அவனுக்குத் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

‘சட்டம் இல்லாததால் வந்த வினை’ என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1912-லேயே வெள்ளைக்காரன் ஒரு பைத்தியச் சட்டம் போட்டான். பேரே அதுதான், மன்னிக்கணும். 1987-ல் நாமே மனநலச் சட்டம் ஒன்று கொண்டுவந்தோம். உரிமம் வேண்டும், ஆய்வு வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. ஏட்டில் இருந்தது. கொட்டகைக்குள் வரவில்லை. சட்டம் டெல்லியில் இருந்து கிளம்பி, சாவி வைத்திருக்கிறவன் காதுக்குப் போய்ச் சேர்கிற வழிக்குத்தான் பயிற்சி என்று பெயர். அதனால்தான் எங்கள் அணி சட்டம் என்று சொல்லாமல் பயிற்சி என்று தலைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

இப்போது இருப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. எப்படிப்பட்ட வடிவத்திலும் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 95-ஆவது பிரிவு அடித்துச் சொல்கிறது. கயிறு பரவாயில்லையா, புடவைத் துணி பரவாயில்லையா என்று சிலர் கேட்பார்கள். நம்ம ஆளுங்க அப்படிக் கேட்பாங்க! அதுக்கும் 97-ஆவது பிரிவு இருக்கிறது. உடனடியாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரப் போகிறது, தடுக்க வேறு வழியே இல்லை என்கிற நேரத்தில் மட்டும், மனநல மருத்துவர் அனுமதி கொடுத்தால் மட்டும், தேவையான நேரம் மட்டும் கட்டுப்படுத்தலாம். ஏன் கட்டினோம், எப்படி, எவ்வளவு நேரம் என்பதை உடனே குறிப்பேட்டில் எழுத வேண்டும். தனி அறையில் போட்டு அடைப்பது கூடவே கூடாது. தண்டனையாகக் கட்டக் கூடாது. அடுத்ததாக ஒன்று சொல்கிறது பாருங்கள், அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆள் பற்றாக்குறை என்ற காரணத்துக்காகக் கட்டக் கூடாது!

எழுதியவர் யாரோ தெரியாது, ராத்திரி டியூட்டி பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். முப்பது பேருக்கு ஓர் ஆயா. ஒருத்தர் எழுந்து நடக்கிறார், இன்னொருத்தர் படுக்கையை நனைக்கிறார். அந்த அம்மா என்ன செய்வாள்? நடக்கிறவரைக் கட்டிலோடு துண்டு போட்டுக் கட்டிவிட்டு, நனைத்தவரைக் கவனிக்கப் போவாள். அவள் கெட்டவளா? வீட்டில் அவளுக்கும் பிள்ளை குட்டி இருக்கு. அவளை அந்த நிலையில் நிறுத்திவிட்டு, ‘அன்பாப் பாத்துக்கோம்மா’ன்னு சொல்றது இருக்கே, அது பெரிய அநியாயம். ‘கட்ட மாட்டேன் சார், இன்னொரு ஆள் போடுங்க, சட்டத்துலயே இருக்கு’ன்னு அவள் முதலாளியிடம் சொல்ல வேண்டும். சொல்ல அவளுக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லும் தைரியத்தை வெறும் அன்பு கொடுக்காதுங்க. தெரிந்த விஷயம்தான் கொடுக்கும். (கைதட்டல்)

சரி, இப்போ எல்லைக்கு வர்றேன்.

ஒரு முதியோர் இல்லம். பேர் வேண்டாம். தமிழ் மன்றத்துப் பிள்ளைகளோடு பழம், பிஸ்கட் கொடுக்கப் போயிருந்தோம். ஒரு பாட்டி, எழுபத்தைந்து எண்பது வயசு இருக்கும். பொறுப்பாளர் ரொம்பத் தன்மையாகவே சொன்னார்: ‘சார், இவங்களுக்கு எதுவுமே புரியாது. மாத்திரை வேணுமான்னா பேச மாட்டாங்க, குளிக்கிறீங்களான்னா பேச மாட்டாங்க. அதனால நாங்களே எல்லாம் பண்ணிடறோம்.’ என் கூட வந்த மாணவி ஒருத்தி, நகரிக்குப் பக்கத்தில் இருந்து தினம் பஸ்ஸில் வந்து படிக்கிற பெண். அவள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, தெலுங்கில் ஏதோ கேட்டாள். பாட்டி தலையை நிமிர்த்தினாள். ‘நாக்கு வத்து’ என்றாள். எனக்கு வேண்டாம்! அப்புறம் நிறுத்தவே இல்லை. மாத்திரை போட்டால் நாக்கு வறண்டு போகிறதாம். பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டினால் எலும்பெல்லாம் குத்துகிறதாம். எத்தனை நாளாக அந்த அம்மா உள்ளுக்குள்ளேயே ‘வத்து, வத்து’ன்னு சொல்லிக்கிட்டிருந்தாளோ! ‘புரிதல் இல்லை’ன்னு அவங்க நோட்டுல எழுதி வச்சிருந்தது. யாருக்குப் புரிதல் இல்லைங்க? (நீண்ட கைதட்டல்)

எல்லைக்காகப் போராடின ஊர்லயே சொல்கிறேன், தெலுங்கு பேசுகிற தாய்க்குத் தெலுங்கில் கேட்பதுதான் நியாயம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 4-ஆவது பிரிவு. மனநோய் உள்ளவர் உட்பட எல்லாருக்குமே தன் சிகிச்சை பற்றி முடிவெடுக்கிற திறன் உண்டு என்றே கருத வேண்டும், எப்போது? சொல்கிற விஷயத்தைப் புரிந்துகொள்ள முடிந்தால். அல்லது, இன்ன செய்தால் இன்ன ஆகும் என்று உணர முடிந்தால். அல்லது, தன் முடிவைத் தெரிவிக்க முடிந்தால். பேச்சால்தான் தெரிவிக்க வேண்டும் என்று இல்லை. முகக் குறிப்பால் சொல்லலாம், சைகையால் சொல்லலாம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே எழுதி வைத்துவிட்டுப் போனாரே, உடம்பும் பேசும் என்று! நாம் அதைப் பரீட்சைக்கு எட்டு மெய்ப்பாடு என்று மனப்பாடம் செய்ததோடு சரி. விஷயத்தை நோயாளிக்குப் புரிகிற எளிய மொழியில் சொல்வது, படம் காட்டியோ சைகை மொழியிலோ விளக்குவது எல்லாம் சொல்கிறவர் பொறுப்பு.

அதே பிரிவில் இன்னொரு வரி உண்டு. ஒருவர் எடுக்கிற முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகத் தோன்றுகிறது என்பதற்காக, அவருக்கு முடிவெடுக்கும் திறனே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது! அம்மாடி! இந்த வரியை நம்ம வீடுகளில் பிரேம் போட்டு மாட்டணும்ங்க. ‘இந்த வயசுல எதுக்கு உனக்கு வறுத்த வேர்க்கடலை?’, ‘அந்தப் பழைய வீட்டை எதுக்குப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?’ன்னு கேட்கிறோம். நமக்குப் பிடிக்காததைச் சொன்னால் ‘அப்பாவுக்கு மூளை பிசகிடுச்சு’. நாம சொல்றதுக்குத் தலையாட்டினா ‘அப்பா தெளிவா இருக்கார்’. தப்பான முடிவு எடுப்பவர் எல்லாம் திறன் இல்லாதவர் என்றால், இங்கே கல்யாணமான ஆண்கள் யாருமே தேற மாட்டோம். (சிரிப்பு) நடுவர் சிரிக்கிறார், அம்மா டி.வி.யில் பார்ப்பாங்க, ஜாக்கிரதை!

இது நம் நாட்டில் மட்டும் உள்ள சிக்கல் இல்லை. 1997-ல் இங்கிலாந்தில் சர்ரே என்ற இடத்தில் ஒருவர் இருந்தார். ஆட்டிசம் உள்ளவர், பேச்சு வராது. தங்கள் பிள்ளை மாதிரி வைத்துக் கவனித்த ஒரு தம்பதி வீட்டில் இருந்தார். ஒரு நாள் பகல்நேர மையத்தில் பதற்றமாகிவிட்டார் என்று போர்ன்வுட் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் வைத்துக்கொண்டார்கள். வளர்த்தவர்கள் வந்து பார்க்கக் கூட ஆரம்பத்தில் விடவில்லை. ‘அவர்தான் வெளியே போகணும்னு எதிர்க்கவே இல்லையே, அதனால் இது அடைத்து வைத்ததாகாது’ என்றது மருத்துவமனை. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2004-ல் தீர்ப்பு: அது சுதந்திரப் பறிப்புதான். எதிர்க்காமல் இருப்பது சம்மதம் ஆகாது. அதற்குப் பிறகுதான் அங்கே, முடிவெடுக்க முடியாத ஒருவரை விடுதியில் வைத்திருப்பதற்கே தனி அனுமதி, தனி ஆய்வு என்ற ஏற்பாடு 2009-ல் வந்தது. 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஹேல் அம்மையார், வசதியான இடம் என்பதால் அடைப்பு அடைப்பில்லாமல் போகாது, தங்கக் கூண்டும் கூண்டுதான் என்ற பொருளில் எழுதினார். இதை நம் பாட்டி கிளிக்கூண்டைப் பார்த்தே சொல்லியிருப்பாள். ஆனாலும் நீதிபதி எழுதினால் அதற்கு மதிப்பு தனி!

நம் நாட்டு ஏற்பாடு வேறு. மனநல நிலையத்தில் ஒருவரை அவர் முடிவெடுக்க முடியாத நிலையில் சேர்க்கிறார்கள் என்றால், இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். முதலில் 30 நாள் வரைதான். மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளில் தகவல் போக வேண்டும். பெண்ணாகவோ சிறுவராகவோ இருந்தால் 3 நாளில். அப்பீல் செய்யலாம். நல்ல நிலையில் இருக்கும்போதே ‘எனக்கு முடியாமல் போனால் இன்ன வைத்தியம் செய்யுங்கள், இன்னது செய்யாதீர்கள்’ என்று எழுதி வைக்கலாம். தனக்காகப் பேச ஒருவரை நியமிக்கலாம். அதற்கு முத்திரைத்தாள் கூட வேண்டாம், வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். இந்த மைதானத்தில் இவ்வளவு பேர் இருக்கிறீர்கள். வீட்டுப் பத்திரத்தை யார் பேருக்கு எழுதுவது என்று யோசித்தவர்கள் அத்தனை பேரும் இருப்பீர்கள். இதை யோசித்தவர் எத்தனை பேர்?

எதிரணித் தலைவர் கேட்டாரே, ‘தற்கொலை செஞ்சுக்கறேன்னு ஓடறவனையும் சட்டம் பேசி விட்டுடுவீங்களா?’ என்று. விட மாட்டோம் ஐயா. உயிருக்கு ஆபத்து என்றால், அவருக்காகப் பேசுகிற பிரதிநிதி கிடைத்தால் அவர் சம்மதத்தோடு, எந்த டாக்டரும் அவசரச் சிகிச்சை கொடுக்கலாம், 72 மணி நேரம் வரை. அதற்குப் பிறகு முறைப்படி மதிப்பீடு வேண்டும். ஓடுகிறவனைப் பிடிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பிடித்த கையை எப்போது விடுவது என்று தெரிய வேண்டும் என்கிறோம்.

நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே இருந்து சோளிங்கர் எவ்வளவு தூரம்? மனசு கலங்கியவர்களைக் காலம் காலமாக அந்த மலைக்கு அழைத்துப் போகிறார்கள், குளத்தில் முழுக வைக்கிறார்கள். திருச்சிப் பக்கம் குணசீலத்துக்கும் போகிறார்கள். நான் அதைக் கேலி பேச மாட்டேன். நானே காவடி தூக்கினவன். ஏர்வாடியில் கூட, அந்தத் தீக்குப் பிறகு என்ன செய்தார்கள்? தர்காவை மூடவில்லை. ‘தவா, துவா’ என்று, மருந்தும் பிரார்த்தனையும் அக்கம் பக்கமாக இருக்கும்படி அங்கேயே மனநல மருத்துவத்தைக் கொண்டுவந்தார்கள். சாமியை வைத்துக்கொண்டு சங்கிலியை எடுத்தார்கள்.

இந்த மலைக்கும் அந்தச் சட்டத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்குங்க. மனநல நிலையத்தில் இருப்பவருக்குக் கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பேன் வந்துடும், பராமரிக்க முடியலைன்னு ஆண், பெண் எல்லாருக்கும் வரிசையாக உட்கார வைத்து வழித்து விடுகிற பழக்கம் இருந்தது. இங்கே மேலே நம்ம மக்கள் சந்தோஷமா மொட்டை போட்டுக்கிட்டு, சந்தனம் தடவிக்கிட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு இறங்குகிறார்கள். அதே கத்தி, அதே தலை. ஒருத்தருக்கு அது காணிக்கை, இன்னொருத்தருக்கு அவமானம். நடுவில் இருக்கிற வித்தியாசம், ‘போட்டுக்கிறீங்களா?’ என்று கேட்டார்களா என்பது மட்டும்தான். (கைதட்டல்)

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன் என்றேன். சொல்லாமல் போனால் நான் நேர்மையாகப் பேசினவன் ஆக மாட்டேன்.

என் தாயாருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். சென்னையில் இரண்டாவது மாடியில் வீடு. தினம் சாயங்காலம் நாலு மணி ஆனால் அம்மா கிளம்பிவிடுவாள். இரண்டு தடவை காணாமல் போய், ஒரு தடவை கோயம்பேடு பக்கம் கண்டுபிடித்தோம். அன்றைக்கு ராத்திரி நான் பட்ட பாட்டை எதிரணி அம்மையார் அவர்கள் தாத்தா கதையில் சொன்னார்களே, அதே பாடுதான். அந்தப் பயம் பொய் இல்லை. மறுநாள் ஒரு பெரிய பூட்டு வாங்கினேன். ஆயா ஒருத்தரை வைத்து, உள்ளே அம்மாவையும் அந்தப் பெண்ணையும் விட்டு, வெளியே பூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய் அன்பைப் பற்றிப் பாடம் நடத்தினேன். ஏழு மாதம்.

ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டேன். பூட்டைத் திறக்கும்போது உள்ளே குரல் கேட்கிறது. ஆயாவிடம் அம்மா சொல்கிறாள்: ‘ஜெயில்ல கூட எத்தனை நாள்னு சொல்லித்தாண்டி உள்ள வைப்பாங்க. எம் பையன் எதுவுமே சொல்லலை. நான் என்ன தப்பு பண்ணேன்னு அவனைக் கேட்டுச் சொல்றியா?’

என்ன பதில் சொல்ல முடியும்? சாவி கையில் இருக்கிறது. முனைவர் பட்டம் சுவரில் தொங்குகிறது.

அதற்குப் பிறகு ஒரு மனநலச் செவிலியரிடம் போய் நின்றேன். வயதில் என் மகளுக்குச் சமமான பெண். முறையாகப் பயிற்சி பெற்றவள். எல்லாம் கேட்டுவிட்டு, ஒரே கேள்வி கேட்டாள்: ‘நாலு மணிக்கு எங்க போகணும்னு அம்மாவைக் கேட்டீங்களா சார்?’ கேட்கவே இல்லைங்க! பூட்டுக் கடையில் விலை கேட்டேன், அம்மாவை ஒன்றும் கேட்கவில்லை. காலையில் அம்மா தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, ஒரே ஒரு கேள்வியாகக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். ‘படி ஏறணும்டா’ என்றாள். எந்தப் படி? என் தாயார் பிறந்தது இந்தத் திருத்தணிப் பக்கத்து கிராமம். கல்யாணம் ஆகும் வரைக்கும் சாயங்காலம் பூ எடுத்துக்கொண்டு இந்த மலைக்குத்தான் வருவாளாம். அறுபது வருஷம் கழித்து அந்த நாலு மணி திரும்பி வந்திருக்கிறது.

கூட்டிக்கொண்டு வந்தோம். 365 படி. பதினோரு படி ஏறினாள். உட்கார்ந்தாள். எதிரே பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, ‘போதும், வீட்டுக்குப் போலாம்’ என்றாள். ஏழு மாதத்தில் அவள் ‘வீடு’ என்று என் வீட்டைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது சினிமா. மறுநாளும் நாலு மணிக்குக் கிளம்பினாள். ஆனால் பூட்டு இல்லை. அந்தச் செவிலியர் எங்கள் வீட்டு ஆயாவுக்கு மூன்று சனிக்கிழமை வந்து சொல்லிக் கொடுத்தாள். தடுக்காதே, கூட நட. தெருமுனை வரை போ, பிள்ளையாருக்குப் பூப் போட வை, ‘காபி குடிக்கலாமா’ன்னு கேள், தானே திரும்புவாங்க. வளையலில் போன் நம்பர் பொறித்தோம். டீக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், வாட்ச்மேன் மூன்று பேரிடமும் சொல்லி வைத்தோம். ஒரு நாளில் அரை மணி நேரம் அந்த ஆயாவுக்குக் கூடுதல் வேலை. அதற்குக் கூடுதல் சம்பளமும் கொடுத்தோம், அதைச் சொல்லிடறேன். அம்மா கடைசி வரைக்கும், இரண்டு வருஷம், திறந்த கதவுள்ள வீட்டில் இருந்தாள். அந்த ஏழு மாதத்தை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. எனக்கு அம்மா மேல் அன்பு குறைவு என்று இந்த அரங்கில் யாராவது சொல்வீர்களா நடுவர் அவர்களே? அன்பு இருந்தது. அது போய் நின்ற இடம் பூட்டுக் கடை.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே நிமிஷம். திருத்தணி ரயில்வே ஸ்டேஷனில், பஸ் நிலையத்தில், மனநிலை சரியில்லாமல் யாராவது அலைந்தால், போலீஸ் அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். இதுவும் சட்டம். பக்கத்து வீட்டில் யாரையாவது கட்டி வைத்துக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் காவல் நிலையத்தில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் தெரிவித்தாக வேண்டும். வீட்டில் தாங்க முடியாத நிலைமை, என்ன செய்வதென்று புரியவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், மத்திய அரசு 2022-ல் தொடங்கியது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். தெலுங்கிலும் பேசுவார்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

எங்கள் அணிக்குத் தீர்ப்பு தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.